வளர்ச்சி குன்றிய குழந்தை, சவலைப் பிள்ளை: இரண்டும் ஒன்றா?

கேள்வி: என் மூத்த மகனுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. இளையவளுக்கு நான்கு மாதம். போன வாரம் அங்கன்வாடியில் மூத்தவனின் உயரத்தை அளந்தார்கள். 80 செ.மீ. இருந்தான். அட்டையில் 'வளர்ச்சி குன்றிய குழந்தை' என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. 'மனவளர்ச்சி குன்றியவர்' என்பார்களே, அதுதானா இது? அத்தையோ, "அதெல்லாம் ஒண்ணுமில்ல, இவன் சவலைப் பிள்ளை, தேறிடுவான்" என்கிறார். இந்தச் சொற்களுக்குச் சரியான பொருள் என்ன?

பதில்: முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொற்களுக்கு வருவோம். அட்டையில் இருப்பது உயரத்தைப் பற்றிய குறிப்பு. இந்த வயதுக்கு இருக்க வேண்டிய உயரம் இல்லை என்று அளவு காட்டியிருக்கிறது, அவ்வளவுதான். அவனுடைய புத்தியை யாரும் அளக்கவில்லை. அதைப் பற்றி யாரும் எழுதவும் இல்லை. குழந்தை எப்போது உட்கார்ந்தான், எப்போது நடந்தான், கூப்பிட்டால் திரும்புகிறானா, சொன்னது புரிகிறதா, எத்தனை சொல் பேசுகிறான் என்று பலவற்றையும் மருத்துவர் பார்த்துத்தான் அறிவு வளர்ச்சியைப் பற்றிப் பேச முடியும். உயரத்தை வைத்து அதைச் சொல்ல வழியே இல்லை.

உங்களுக்கு அந்தச் சந்தேகம் வந்ததில் ஆச்சரியமும் இல்லை. 'மனவளர்ச்சி குன்றியோர்' என்ற சொல் பல ஆண்டுகளாகச் சிறப்புப் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளிலும் அரசு ஆணைகளிலும் புழங்கியது. அது காதில் அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டதால், 'குன்றிய' என்றதும் 'மன' என்ற முன்னொட்டு தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு 'அறிவுசார் குறைபாடு' என்று எழுதும் வழக்கம் பரவியிருக்கிறது. இருந்தாலும் பழைய சொல்லின் நிழல் போகவில்லை. ஊட்டச்சத்துப் பயிற்சிக்கான தமிழ்க் கையேடுகள் எழுதும் வேலையில் நான் பல வருடம் இருந்தேன். ஒவ்வொரு வகுப்பிலும் இந்தச் சிக்கல் வரும். ஒரு பணியாளர் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: "குள்ளம்னு எழுதினா அம்மாங்க அழறாங்க. குன்றியதுன்னு எழுதினா பயந்துடறாங்க. நாங்க என்னதான் எழுதறது?" நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் உள்ள பதிலையும் கீழே சொல்கிறேன்.

'குன்றுதல்' நல்ல பழைய சொல். இருந்த அளவிலிருந்தோ இருக்க வேண்டிய அளவிலிருந்தோ இறங்குவது அதன் பொருள். மழை குறைந்தால் உழவர் ஏர் பூட்டமாட்டார் என்று சொல்லும் இடத்தில் வள்ளுவர் 'வாரி வளங்குன்றிக் கால்' என்கிறார். இன்னொரு குறளில் இந்தச் சொல்லை வைத்து விளையாடியே இருக்கிறார்: 'குன்றின் அனையாரும் குன்றுவர் குன்றுவ குன்றி அனைய செயின்.' மலை மாதிரி உயர்ந்தவரும், தாழ்வு தரும் செயலைக் குன்றிமணி அளவு செய்தாலும் தாழ்ந்துபோவார். குன்று, குன்றுதல், குன்றி மூன்றும் ஒரே மூச்சில் வருகின்றன. இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான்: குன்றுவதற்கு முன் அங்கே ஓர் உயரம் இருக்கிறது. உயரம் இல்லாத இடத்தில் குன்றல் இல்லை. உடல்நலம் குன்றியது என்றால் நலம் இருந்தது என்று அர்த்தம். வளர்ச்சி குன்றியது என்றால், அந்தக் குழந்தைக்குள் இன்னும் வளர்வதற்கான வழி இருந்தது, அது முழுசாக நடக்கவில்லை என்று அர்த்தம்.

இதனால்தான் 'குட்டை', 'குள்ளம்' என்ற சொற்களை இதற்குப் பதிலாகப் போடுவது எனக்குப் பிடிப்பதில்லை. சில படிவங்களில் 'குள்ளத்தன்மை' என்றே போடுகிறார்கள். அது அந்தக் குழந்தையின் இயல்பைச் சொல்வது போல ஆகிவிடுகிறது. குட்டை என்பது வெறும் அளவு. குன்றல் என்பது நடக்காமல் போன ஒன்று.

நெல்லை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். 1966-ல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8 என்ற ரகத்தை வெளியிட்டது. இந்தோனேசியாவின் பேட்டா என்ற உயரமான நெல்லையும், தைவானிலிருந்து வந்த ஒரு குட்டை நெல்லையும் சேர்த்து உருவாக்கியது அது. உயரமான பழைய ரகங்களுக்கு உரம் கூடுதலாகப் போட்டால் கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். ஐ.ஆர்.8 குட்டையாக, தண்டு கெட்டியாக நின்றது. அந்தக் குட்டைக்குக் காரணமான மரபணுவை 2002-ல் கண்டுபிடித்தார்கள். தண்டை நீளச் செய்யும் ஜிப்ரலின் என்ற வளர்ச்சிப் பொருளைத் தயாரிப்பதில் பங்கெடுக்கும் மரபணு அது; குட்டை ரகத்தில் அது பழுதாகியிருப்பதால் தண்டு நீளுவதில்லை. சரி, ஐ.ஆர்.8 வயலைப் பார்த்து 'வளர்ச்சி குன்றிய பயிர்' என்று எந்த விவசாயியாவது சொல்வாரா? மாட்டார். அது எவ்வளவு வளர வேண்டுமோ அவ்வளவு வளர்ந்திருக்கிறது. குட்டை ரகம், முழு வளர்ச்சி.

அதே வயலில் ஒரு மூலையில் மட்டும் பயிர் முழங்காலுக்குக் கீழேயே நின்று, இலையில் துரு நிறத்தில் புள்ளி விழுந்து, தூர் கட்டாமல் கிடந்தால் அது வேறு. எங்கள் ஊர் தஞ்சைப் பக்கம். என் அப்பா அப்படிப்பட்ட இடத்தைக் காட்டி, "பச்சை பிடிச்சுது, ஆனா எழும்பவே இல்ல" என்பார். நட்ட நாற்று வேர் பிடித்துவிட்டது, மேலே கிளம்பவில்லை. ஏதோ ஒன்று அதைப் பிடித்து வைத்திருக்கிறது. பல சமயம் அந்த 'ஏதோ ஒன்று' துத்தநாகக் குறை. வட இந்தியாவில் இமயமலை அடிவாரத்தை ஒட்டிய தராய்ப் பகுதியில் நெல்லை இப்படி அடித்த நோய் ஒன்றை எல்லோரும் வேறு ஏதோ என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, பந்த்நகர் பல்கலைக்கழகத்தில் இருந்த ஒய்.எல். நேனே 1966-ல் அது துத்தநாகப் பற்றாக்குறை என்று நிறுவினார். இன்று ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் என்று நம்மூர் வேளாண் அலுவலர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்.

இதில் எனக்கு எப்போதும் வியப்பான ஒரு செய்தி உண்டு. நெல்லில் இதைக் கண்டுபிடிப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னால்தான் மனிதரிலும் கண்டுபிடித்தார்கள். பீகாரில் பிறந்த ஆனந்த பிரசாத் என்ற மருத்துவர் ஈரானின் ஷிராஸ் நகரில் வேலை செய்தபோது, இருபது வயது தாண்டியும் சிறு பையன்கள் போல இருந்த இளைஞர்களைப் பார்த்தார். அவர்கள் பெரும்பாலும் ரொட்டி மட்டுமே சாப்பிட்டு வளர்ந்தவர்கள். இறைச்சி, முட்டை எல்லாம் அரிது. துத்தநாகம் குறைந்ததால்தான் இப்படி ஆகியிருக்கும் என்று 1961-ல் எழுதினார். பிறகு எகிப்தில் செய்த ஆய்வு அதை உறுதிசெய்தது. அதுவரை மனிதருக்குத் துத்தநாகம் குறையும் என்பதையே மருத்துவ உலகம் ஏற்கவில்லை. இன்று வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசலோடு 14 நாள் துத்தநாக மாத்திரையும் தருகிறார்களே, அதன் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. பயிருக்கும் பிள்ளைக்கும் ஒரே தடை.

தடை என்றதும் ஒரு இலக்கண விஷயம் சொல்ல வேண்டும். 'குன்றியது' தன்வினை. தானாகவே குறைந்துவிட்டது போல ஒலிக்கும். யார் குறைத்தது, எது குறைத்தது என்ற கேள்வியை அந்தச் சொல் எழுப்புவதில்லை. 'வளர்ச்சி தடைபட்ட குழந்தை' என்று எழுதிப் பாருங்கள். படிப்பவர் உடனே "எது தடுத்தது?" என்று கேட்பார். அந்தப் பணியாளரின் கேள்விக்கு நான் சொன்ன பதில் இதுதான்: அட்டையில் என்ன அச்சடித்திருந்தாலும், தாயிடம் பேசும்போது "வளர்ச்சி தடைபட்டிருக்கு, என்ன தடைன்னு பார்ப்போம்" என்று சொல்லுங்கள். 'வயதுக்கேற்ற உயரம் இல்லை' என்றும் சொல்லலாம். அதில் குழப்பத்துக்கு இடமே இல்லை.

இப்போது அளவுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி அளவீடுகளைத்தான் அங்கன்வாடியில் பயன்படுத்துகிறார்கள். இரண்டு வயது ஆண் குழந்தை நிற்கவைத்து அளந்தால் நடுவாக 87.1 செ.மீ. இருப்பான். 81 செ.மீ.-க்குக் கீழே போனால் 'வளர்ச்சி குன்றல்' என்று குறிப்பார்கள். 78-க்குக் கீழே போனால் அது கடுமையான நிலை. உங்கள் மகன் 80. கோட்டுக்கு ஒரு செ.மீ. கீழே. அளக்கும்போது முழங்கால் மடங்கினாலோ அழுது நெளிந்தாலோ ஒரு செ.மீ. போய்விடும். அதனால் முதல் வேலையாக மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இரண்டு வயது வரை படுக்கவைத்து அளப்பார்கள், அதன்பிறகு நிற்கவைத்து. படுக்கவைத்த அளவு 0.7 செ.மீ. கூடுதலாக வரும். எப்படி அளந்தார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எடையையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாமல் இளைத்துப்போவது 'மெலிவு'. நாம் நோஞ்சான் என்போமே, அது கிட்டத்தட்ட இதுதான். அது சில வாரத்துக் காய்ச்சலிலும் வரும், கவனித்தால் சில வாரத்தில் சரியாகவும் செய்யும். உயரம் அப்படி இல்லை. மாதக்கணக்கில் நடந்ததன் கணக்கு அது. கர்ப்பத்திலிருந்தே அந்தக் கணக்கு ஓடும். இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று 1970-களில் வலியுறுத்தியவர் ஜமைக்காவில் பணியாற்றிய ஜான் வாட்டர்லோ என்ற மருத்துவர். அதற்கு முன் வயதுக்கு எடை எவ்வளவு என்று மட்டும் பார்த்தார்கள். உயரம் குறைந்து, ஆனால் கொழுகொழு என்று இருக்கும் குழந்தை அந்தக் கணக்கில் தப்பிவிடும்.

"நம்ம பரம்பரையே குட்டைதானே" என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். தனி ஒரு குழந்தையைப் பொறுத்தவரை அது உண்மையாகவும் இருக்கலாம். நல்ல சாப்பாடும் நல்ல சுகாதாரமும் உள்ள நூறு குழந்தைகளை நிறுத்தினாலும் இரண்டு பேர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பார்கள். அது இயற்கை. ஆனால் 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். தமிழ்நாட்டில் 25 சதவீதம். இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தைந்து என்றால், மிச்சம் இருபத்து மூன்று குழந்தைகளை ஏதோ ஒன்று தடுத்திருக்கிறது. அதைப் பரம்பரை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படிச் சொல்லக்கூடாது என்பதற்கு வலுவான காரணமும் உண்டு. அந்த அளவீட்டை உருவாக்க 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்தார்கள்: பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா. இந்தியாவில் தெற்கு தில்லிக் குழந்தைகள். எல்லா இடத்திலும் தாய்ப்பால் கிடைத்த, வசதியான, புகைக்காத தாய்மாரின் பிள்ளைகளையே தேர்ந்தெடுத்தார்கள். ஐந்து வயது வரை ஆறு ஊர்ப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்ந்தார்கள். தில்லிப் பிள்ளைக்கும் நார்வேப் பிள்ளைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தடை இல்லாவிட்டால் நம் பிள்ளைகளும் அப்படித்தான் வளர்வார்கள்.

அடுத்து அத்தை சொன்ன சொல். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம், எனக்கு அவ்வளவு பிடித்த சொல்.

சவலை என்றால் வெறும் மெலிவு இல்லை. கைக்குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி உண்டாகி, பால் வற்றி அல்லது நிறுத்தப்பட்டு, அதனால் ஏங்கி இளைத்த குழந்தை சவலைப் பிள்ளை. நோயின் பெயருக்குள்ளேயே காரணமும் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள்: இளையவளுக்கு நான்கு மாதம் என்றால் அவள் பிறந்தபோது மூத்தவனுக்கு இருபது மாதம். அவள் வயிற்றில் வந்தபோது அவனுக்குப் பதினோரு மாதம். அவனுக்குப் பால் நின்றது அந்தச் சமயத்தில்தான் இருக்கும். அத்தை அளவுகோல் இல்லாமலேயே சரியான இடத்தில் விரலை வைத்திருக்கிறார்.

இதே கவனிப்பு ஆப்பிரிக்காவிலும் இருந்தது. ஜமைக்காவில் பிறந்த சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், இன்று கானா என்று அழைக்கப்படும் நாட்டின் அக்ரா நகரில் வேலை செய்தார். கால் கை வீங்கி, தோல் உரிந்து, முடி செம்பட்டையாகி வந்த குழந்தைகளை அங்கே பார்த்தார். பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு வயதுக்குள். கஞ்சி மாதிரி மக்காச்சோளக் கூழ் மட்டும் குடித்து வளர்ந்தவர்கள். அந்த ஊர் மக்கள் கா மொழியில் இதை 'குவாஷியார்க்கர்' என்றார்கள். அடுத்த குழந்தை வந்ததும் முந்திய குழந்தைக்கு வரும் நோய் என்று பொருள். 1935-ல் அவர் அந்தப் பெயரையே மருத்துவ உலகுக்குக் கொடுத்தார். இன்றும் உலகம் முழுக்கப் பாடப் புத்தகத்தில் அந்தப் பெயர்தான். சவலையும் அந்த நோயும் ஒன்று என்று சொல்லமாட்டேன். அது வீக்கத்தோடு வரும் கடுமையான நோய், சவலை பெரும்பாலும் மெலிவும் ஏக்கமும். ஆனால் இரண்டு ஊர்ப் பெண்கள், ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே விஷயத்தைப் பார்த்து ஒரே விதமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் கையேடுகளில் சவலைக்கு ஒரு வரி இடம் கொடுக்க வேண்டும் என்று நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். 'வட்டாரச் சொல்' என்று அடித்துவிடுவார்கள். அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இந்தச் சொல் வட்டாரத்தில் மட்டும் நின்ற சொல்லும் இல்லை. யாப்பிலக்கணத்தில் 'சவலை வெண்பா' என்று ஒன்று உண்டு. குறள் வெண்பா இரண்டு அடி, ஏழு சீர். நேரிசை வெண்பா நான்கு அடி, பதினைந்து சீர். இரண்டாம் அடியின் கடைசியில் தனிச்சொல் ஒன்று வந்து இரண்டு பாதியையும் பிணைக்கும். அந்தத் தனிச்சொல் வராமல் இரண்டாம் அடி மூன்று சீரோடு நின்றுவிட்டால் அது சவலை வெண்பா. பதினான்கு சீர்தான். பள்ளியில் நாம் எல்லோரும் படித்த மூதுரைப் பாட்டே இதற்கு எடுத்துக்காட்டு:

அட்டாலும் பால்சுவையில் குன்றாது அளவளாய்
நட்டாலும் நண்பல்லார் நண்பல்லர்
கெட்டாலும் மேன்மக்கள் மேன்மக்க ளேசங்கு
சுட்டாலும் வெண்மை தரும்.

இரண்டாம் அடியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'நண்பல்லர்' என்றதும் கால் ஒன்று தவறினது போல இருக்கும். ஒரு சீர் கிடைக்காமல் போன பாட்டு. ஏழு சீரே உள்ள குறளை யாரும் சவலை என்று சொல்வதில்லை, ஏனென்றால் அது அவ்வளவுதான் இருக்க வேண்டும். ஐ.ஆர்.8 மாதிரி. பதினைந்து இருக்க வேண்டிய இடத்தில் பதினான்கு இருந்தால்தான் சவலை. நம் இலக்கணக்காரர்கள் குட்டைக்கும் தடைபட்டதற்கும் உள்ள வித்தியாசத்தை எவ்வளவு துல்லியமாகப் பிடித்திருக்கிறார்கள் பாருங்கள். அந்தப் பாட்டிலேயே பாலும் இருக்கிறது, 'குன்றாது' என்ற சொல்லும் இருக்கிறது. காய்ச்சக் காய்ச்சச் சுவை குன்றாத பால்.

வயலிலும் இந்த மாதிரிச் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. பால் பிடிக்காமல் உமி மட்டும் நின்றால் பதர், சாவி. அரைகுறையாய் அரிசி கட்டினால் கருக்காய். வெயிலில் முற்றாமலே பழுத்தால் வெம்பல். கை கால் இளைத்துச் சிறுத்தால் சூம்பல். இளம்பிள்ளை வாதம் வந்த காலைப் பார்த்துச் 'சூம்பிப்போச்சு' என்பார்கள். ஒவ்வொன்றும் வளர்ச்சி எந்தக் கட்டத்தில், எப்படி நின்றது என்று சொல்கிறது. இவ்வளவையும் 'வளர்ச்சி குன்றியது' என்ற ஒரே பெட்டிக்குள் போடத் தேவையில்லை. 'வளர்ச்சி குன்றிய நாடுகள்' என்றுகூட ஒரு காலத்தில் எழுதினார்கள். இப்போது 'வளரும் நாடுகள்' என்கிறார்கள், அது பரவாயில்லை.

சரி, உங்கள் மகனுக்கு வருகிறேன். அத்தை பெயரைச் சரியாகச் சொன்னார், ஆனால் 'தேறிடுவான்' என்று விட்டுவிட முடியாது. தானாகத் தேறுவது எல்லாக் குழந்தைக்கும் நடப்பதில்லை. இழந்த உயரத்தைப் பிடிப்பது இரண்டு வயதுக்குள் எளிது. அதற்கு மேல் கடினம், ஆனாலும் முடியாதது இல்லை. இந்த வயதில் தாமதிக்காமல் தொடங்குவது நல்லது.

பெரும்பாலான வீடுகளில் நான் பார்த்தது, பால் நின்ற பிறகு அந்த இடத்துக்கு வருவது கரைத்த ரச சாதமும் இட்லியும் பிஸ்கட்டும்தான். வயிறு நிறையும், உடம்பு வளராது. தினம் ஒரு முட்டை, அல்லது மீன். அது முடியாத வீட்டில் பருப்பைக் கெட்டியாக மசித்து, நெய்யோ எண்ணெயோ சேர்த்து, கீரை, பால் அல்லது தயிர், கடலை உருண்டை. அங்கன்வாடிச் சத்துமாவை வீட்டில் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளாமல் அவனுக்கென்று வையுங்கள். பாலை மட்டும் டம்ளர் டம்ளராகக் கொடுத்துச் சாப்பாட்டைக் குறைக்கவும் வேண்டாம். இரும்புச் சத்து குறைந்துவிடும். அடிக்கடி வயிற்றுப்போக்கு வருகிறதா என்று கவனியுங்கள். தண்ணீரும் கையும் சுத்தமில்லாத இடத்தில், வெளியே தெரியும்படி வயிற்றுப்போக்கு இல்லாவிட்டாலும், குடல் சதா புண்பட்டே இருந்து சாப்பிட்டது ஒட்டாமல் போகும். உயரம் தடைபடுவதற்கு இது ஒரு பெரிய காரணம், ஆனால் யாருக்கும் கண்ணில் படாத காரணம். தலைமுடி, தோல், சோர்வு, மலச்சிக்கல் என்று வேறு ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் தைராய்டும் இரத்த அளவும் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்ட புத்தி விஷயத்தில் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். உயரத்தைத் தடுக்கும் அதே பற்றாக்குறை மூளைக்கும் போகவேண்டியதைக் குறைக்கலாம். அதனால் வளர்ச்சி தடைபட்ட குழந்தைகளைக் கூட்டமாக எடுத்துப் பார்த்தால் படிப்பில் சற்றுப் பின்தங்குகிறார்கள். உங்கள் மகன் அப்படி ஆவான் என்று இதை வைத்து யாராலும் சொல்ல முடியாது. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் இப்படிப்பட்ட 129 குழந்தைகளை வைத்து 1980-களில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். சிலருக்குக் கூடுதல் சத்துணவு கொடுத்தார்கள். சிலர் வீட்டுக்கு வாரம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் போய், வீட்டிலேயே செய்த பொம்மைகளை வைத்து விளையாடவும் பேசவும் தாய்க்குக் காட்டிக் கொடுத்தார். இரண்டு கூட்டமும் முன்னேறின. இரண்டும் சேர்ந்து கிடைத்தவர்கள் கூடுதலாக முன்னேறினார்கள். இருபது வருடம் கழித்துப் பார்த்தபோது, விளையாட்டும் பேச்சும் கிடைத்தவர்கள் அது கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகமாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள்.

சவலை என்ற சொல்லில் பாலோடு மடியும் போய்விட்ட ஏக்கம் இருக்கிறதே, அதை இந்த ஆய்வு எனக்கு ஞாபகப்படுத்துகிறது. நான்கு மாதக் குழந்தையோடு உங்களுக்கு நேரம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அதற்குத்தான் அத்தை இருக்கிறார். சாப்பாடு ஊட்டும் நேரத்தை அவரோ, குழந்தையின் அப்பாவோ எடுத்துக்கொண்டு, கதை சொல்லி, பேர் சொல்லி, காக்கா காட்டி ஊட்டட்டும். நாளில் ஒரு அரைமணி நேரமாவது இளையவளைக் கீழே விட்டுவிட்டு அவனை மட்டும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள், செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரில் ஒட்டும்படி. இந்த வயதில் மூன்று மாதத்துக்குச் சுமார் இரண்டரை செ.மீ. வளர வேண்டும். 82.5 வந்தால் அவன் தன் கோட்டிலேயே நகர்கிறான். 83-ஐத் தாண்டினால் பிடிக்கத் தொடங்கிவிட்டான். 81-லேயே நின்றால் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள். எந்த எண் வந்தாலும் தேதியோடு அட்டையில் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.